எட்டுச் சொல்வகையும் பாடம், வசனம் மட்டும் வருதில்லை: ஆங்கில இலக்கணத்தை எதில தொடங்கிறது?

வாய்க்கால்கரை (கிளிநொச்சி)
தரம் 9, 10 பிள்ளையளுக்குப் பின்னேர வகுப்பு நடக்குது. பார்ட்ஸ் ஒவ் ஸ்பீச் எட்டும் என்னெண்டு கேட்டால் ஒரே மூச்சில சொல்லுதுகள். நவுன் எண்டால் ஆள், இடம், பொருளின் பெயர் எண்ட வரைவிலக்கணமும் பாடம். ஆனா 'வோட்டர்' எந்த வசனத்தில வந்தாலும் நவுன் எண்டு கோடு போடுதுகள். 'வீ வோட்டர் த சில்லி பிளாண்ட்ஸ்' (மிளகாய்க் கண்டுகளுக்குத் தண்ணி விடுறம்) எண்டதில வேர்ப் எங்க எண்டு தேடிக் களைச்சுப்போகுதுகள். வரைவிலக்கணத்தை விட்டுட்டு நேர டென்சுக்குப் போகலாமோ?

உதாரணங்களைத் தமிழெழுத்திலயே போடுங்கோ, ஃபோனில வாசிக்கிற பிள்ளையளுக்கு லேசு. கொப்பியில ஆங்கிலத்தில எழுதட்டும்.

முதிரைமரம் (ஒட்டுசுட்டான்)
டென்சுக்கு இப்ப போகாதேங்கோ. வேர்ப் எதெண்டு தெரியாத பிள்ளை அதின்ர காலத்தை எப்பிடி மாத்தும்?

வரைவிலக்கணம் பாடமாயே இருக்கட்டும், ஆனா அதை வைச்சுக் கோடு போடேலாது. செயலைக் குறிக்கிறது வேர்ப் எண்டால், 'ஹார்வெஸ்ட்' செயல்தானே? 'த ஹார்வெஸ்ட் வாஸ் குட்' எண்டதில அது நவுன். 'நோ' (தெரியும்), 'ஹாவ்', 'பிலோங்' மூண்டிலயும் ஒரு செயலும் இல்லை, மூண்டும் வேர்ப். கருத்தைப் பாத்துப் பிரிச்சால் இப்பிடித்தான் சறுக்கும். சோதிச்சுப் பாக்கிற வழியைக் குடுங்கோ.

வேர்ப்புக்கு: வசனத்துக்கு முன்னால 'யெஸ்டர்டே' போடுங்கோ. உருமாறுற சொல்தான் வேர்ப். 'யெஸ்டர்டே வீ வோட்டர்ட் த சில்லி பிளாண்ட்ஸ்.' 'சில்லி'யும் 'பிளாண்ட்ஸ்'உம் அசையேல்லை, 'வோட்டர்' மாறிட்டுது. 'கட்', 'புட்' மாதிரி இறந்தகாலத்தில மாறாத வேர்ப்புகளிட்ட இது பலிக்காது. அப்ப எழுவாயை 'ஷீ' ஆக்குங்கோ, 'ஷீ கட்ஸ்', 'ஷீ புட்ஸ்' எண்டு கடைசியில 'ஸ்' ஏறும்.

நவுனுக்கு: தனிச்சொல்லைப் பாக்காம முழுத் தொகுதியையும் தூக்கிப்போட்டு 'இட்' இல்லாட்டி 'தெம்' வையுங்கோ. 'வீ வோட்டர் தெம்.' போனது 'த சில்லி பிளாண்ட்ஸ்' முழுக்க. அதில தலைச்சொல் 'பிளாண்ட்ஸ்'. 'சில்லி'யை அட்ஜெக்டிவ் எண்டு சொல்லுற பிள்ளைக்கு 'வெரி' வைச்சுக் காட்டுங்கோ. 'வெரி ஸ்மோல் பிளாண்ட்ஸ்' சரி, 'வெரி சில்லி பிளாண்ட்ஸ்' ஒருத்தரும் சொல்லாயினம். ஆக 'சில்லி' நவுனாயே இருந்துகொண்டு என்ன கண்டு எண்டு சொல்லுது.

அட்ஜெக்டிவ்: பெரும்பாலும் 'வெரி' ஏறும், 'த'வுக்கும் நவுனுக்கும் நடுவில நிக்கும், 'சீம்ஸ்'க்குப் பின்னாலயும் நிக்கும்.

அட்வேர்ப்பைக் கடைசிக்கு விடுங்கோ. வேற எதிலயும் அடங்காததெல்லாம் அங்கதான் கிடக்கு: 'ஸ்லோலி', 'ஹியர்', 'டுமாரோ', 'வெரி', 'பெர்ஹாப்ஸ்'. ஒரே சோதனையில எல்லாத்தையும் பிடிக்கேலாது.

வரிசை எண்டால் வேர்ப், நவுனும் ப்ரோநவுனும், அட்ஜெக்டிவ், ப்ரெப்பசிஷன், கொஞ்ஜங்ஷன், அட்வேர்ப். இன்டர்ஜெக்ஷனுக்கு அஞ்சு நிமிசம் காணும். ஒரு கிழமையில எட்டையும் முடிக்கிற ஆக்கள்தான் கூட. அதாலதான் பேர் மட்டும் மிஞ்சுது.

உப்புக்காத்து (பூநகரி)
எனக்கு இதில உடன்பாடு இல்லை. சாதாரண தரப் பரீட்சையில ஆங்கிலத்துக்கு இரண்டு தாள், முதலாவது ஒரு மணித்தியாலம், மற்றது இரண்டு மணித்தியாலம். வாசிச்சு விளங்கிறதும் எழுதுறதும்தான் கூடுதலா வரும். பேர் சொல்லி என்ன பலன்? வசனத்தை எழுதப் பழக்குங்கோ.

முதிரைமரம் (ஒட்டுசுட்டான்)
பேருக்குப் புள்ளி இல்லை, சரி. இடைவெளி நிரப்பைக்க என்ன செய்வியள்? 'ஹீ ட்ரைவ்ஸ் டேஷ்' எண்டதுக்கு 'கேர்ஃபுல்' போடுறதோ 'கேர்ஃபுல்லி' போடுறதோ? 'த ஃபிஷ் ஸ்மெல்ஸ் டேஷ்' எண்டதுக்கு 'பாட்' ஆ 'பாட்லி' ஆ? முதலாவது வேர்ப்பைப் பற்றிச் சொல்லுது, அட்வேர்ப் வேணும். இரண்டாவதில 'ஸ்மெல்ஸ்' கிட்டத்தட்ட 'இஸ்' மாதிரி நிக்குது, சொல்லுறது மீனைப் பற்றி, அதால 'பாட்'. 'லுக்', 'ஃபீல்', 'டேஸ்ட்', 'சவுண்ட்' எல்லாம் இந்தக் கூட்டம். வகை தெரியாத பிள்ளைக்கு இதை வேற எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது?

கல்லும்_முள்ளும் (முல்லைத்தீவு)
பயிற்சிக்கு வன்னியிலேயே ஒரு வசனம் இருக்கிறது. கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் நினைவாக நட்ட கல்லில் பொறித்த ஆங்கில வரி: 'ஹியர்அபவுட்ஸ் கப்டன் வொன் டிரிபேர்க் டிஃபீட்டட் பண்டாரவன்னியன் 31ஸ்ட் ஒக்டோபர் 1803'.

வேர்ப் ஒன்றுதான், 'டிஃபீட்டட்'. அதற்கு முன்னால் நிற்கிறவர் வென்றவர், பின்னால் நிற்கிறவர் தோற்றவர். இரண்டு பெயரையும் இடம் மாற்றிப் போடுங்கள், வேறு ஒரு எழுத்தையும் தொடாமலே போரின் முடிவு மாறிவிடும். தமிழில் 'பண்டாரவன்னியனை டிரிபேர்க் தோற்கடித்தான்' என்றாலும், பெயர்களை முன்பின் மாற்றி 'டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான்' என்றாலும் செய்தி ஒன்றே. 'ஐ' உருபு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் உருபு பார்க்கிற அந்த வேலையை இடம் பார்க்கிறது. எங்கள் பிள்ளைகள் சொல்லை மனம்போன இடத்தில் வைக்கிறதற்குக் காரணம் இதுதான், கவனக்குறைவு அல்ல.

உருபு போன்ற மாற்றம் ப்ரோநவுனில் மட்டும் மிஞ்சியிருக்கிறது: ஹீ ஹிம், ஷீ ஹேர், ஐ மீ, வீ அஸ், தே தெம். கல்வரியை 'ஹீ டிஃபீட்டட் ஹிம்' என்று சுருக்கச் சொல்லுங்கள். 'கப்டன் வொன் டிரிபேர்க்' மூன்று சொல்லும் ஒரே தொகுதி, ஒரே 'ஹீ'. 'ஹியர்அபவுட்ஸ்' என்பது 'இந்த அயலில்' என்று இடம் சொல்லும் அட்வேர்ப். அதை எடுத்தாலும் வசனம் நிற்கும், 'டிஃபீட்டட்'டை எடுத்தால் விழும். திகதிக்கு முன்னால் 'ஒன்' என்ற ப்ரெப்பசிஷன் இல்லாதது கல்வெட்டுச் சுருக்கம். கொப்பியில் அதைப் போட வேண்டும்.

அதே வரியைப் பாசிவ் (செயப்பாட்டுவினை) ஆக்கினால் 'பண்டாரவன்னியன் வாஸ் டிஃபீட்டட் பை கப்டன் வொன் டிரிபேர்க்'. இப்போது தோற்றவர் முன்னால் வந்துவிட்டார், ஆனாலும் பொருள் குழம்பவில்லை. 'வாஸ்'உம் 'பை'யும் சேர்ந்து காவல் நிற்கின்றன.

வாய்க்கால்கரை (கிளிநொச்சி)
நாளைக்கே இதைப் பலகையில போடுறன். இன்னொண்டு: 'ஷீ டீச்சர்' எண்டு எழுதின பிள்ளைக்கு 'இஸ்' போடச் சொன்னால், அடுத்த நாள் 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்', 'ஐ ஆம் நோ த ஆன்சர்' எண்டு எல்லா இடமும் போடுது.

முதிரைமரம் (ஒட்டுசுட்டான்)
'அவ ரீச்சர்' எண்டு தமிழில வினையே இல்லாம ஒரு வசனம் முடியும். ஆங்கிலத்தில முடியாது, ஒரு வேர்ப் இருந்தே ஆகவேணும், வேற இல்லாட்டி 'இஸ்' வந்து நிக்கும். இதைச் சொல்லிக் குடுக்காம 'இஸ் போடு' எண்டு மட்டும் சொன்னால் பிள்ளை எல்லாத்திலயும் போடத்தான் செய்யும்.

எந்தத் துணைவினைக்குப் பின்னால என்ன வடிவம் எண்டதைக் கொப்பியின்ர முதல் பக்கத்தில எழுதுவியுங்கோ.

ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்: பின்னால வேர்ப் வந்தால் 'இங்' வடிவம், இல்லாட்டி பாசிவுக்கு மூண்டாம் வடிவம் ('கோ, வென்ட், கோன்' எண்டதில 'கோன்' மாதிரி). நவுன், அட்ஜெக்டிவ், இடமும் வரும். வெறும் வேர்ப் வராது.
டூ, டஸ், டிட், கான், வில், மஸ்ட், ஷுட்: வெறும் வேர்ப் மட்டும்.
ஹாவ், ஹாஸ், ஹாட்: மூண்டாம் வடிவம்.

காலமும் 'ஸ்'உம் ஒரு வேர்ப்தொடரில ஒருக்காத்தான் ஏறும், அதுவும் முதல் ஆளில. 'ஷீ கோஸ்' எண்டதில இருந்த 'ஸ்', 'டஸ்' வந்த உடன அங்க போயிடும்: 'ஷீ டஸ் நொட் கோ'. 'டிட்' இறந்தகாலத்தை எடுத்துட்டுது, அதால 'டிட் நொட் வென்ட்' பிழை. வன்னியில திருத்திற கொப்பியளில கூடுதலாச் சிவப்பு விழுறது இந்த இடத்திலதான் எண்டது என்ர கணிப்பு.

'எனக்கு' எண்டு தொடங்கிற தமிழ் வசனங்களைத் தனியா எடுங்கோ. எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும், எனக்கு வேணும், எனக்கு விருப்பம். எல்லாத்துக்கும் ஆங்கிலத்தில எழுவாய் 'ஐ'. ஆனா பசி, பயம், களைப்பு அட்ஜெக்டிவ், அதுகளுக்கு 'ஆம்' வேணும்: 'ஐ ஆம் ஹங்ரி'. தெரியும், வேணும், விருப்பம் வேர்ப், அதுகளுக்கு 'ஆம்' கூடாது: 'ஐ நோ', 'ஐ வோண்ட்', 'ஐ லைக்'. 'ஐ ஆம் நோ' வாறது இந்தக் கலப்பாலதான்.

சந்திக்கடை (மாங்குளம்)
ப்ரெப்பசிஷனுக்கு வாறன். பிள்ளையளுக்கு 'இல்' எண்ட ஒரு உருபு, ஆங்கிலத்தில மூண்டு சொல். சந்தி, பஸ் தரிப்பு மாதிரி ஒரு புள்ளி எண்டால் 'அற்': 'அற் மாங்குளம் ஜங்ஷன்'. கோடு, மேற்பரப்பு எண்டால் 'ஒன்': 'ஒன் த ஏ9 ரோட்', 'ஒன் த டாங்க் பண்ட்'. எல்லைக்குள்ள எண்டால் 'இன்': 'இன் கிளிநொச்சி', 'இன் த பாடி ஃபீல்ட்'. நேரத்துக்கும் அதே மூண்டு: 'அற் சிக்ஸ் ஓ'க்ளொக்', 'ஒன் மண்டே', 'இன் மே'. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் மே மாசத்தில வந்தால் 'இன் மே' எண்டு சொல்லலாம், திகதியோட சொன்னால் 'ஒன்'. 'இன் த மோர்னிங்' ஆனா 'அற் நைட்', இதைக் கேள்வி கேக்காமப் பாடமாக்கிறதுதான்.

வாகனத்துக்கு 'பை' வந்தால் நடுவில 'எ', 'த', 'மை' ஒண்டும் வராது: 'பை பஸ்', 'பை லாண்ட்மாஸ்டர்' (இரண்டு சில்லு உழவுயந்திரம்). ஆற்றையெண்டு சொன்னால் 'பை' போய் 'ஒன்' இல்லாட்டி 'இன்' வரும்: 'ஒன் மை அங்கிள்ஸ் லாண்ட்மாஸ்டர்', 'இன் மை அங்கிள்ஸ் வான்'. கருவிக்கு 'வித்': 'வித் எ நைஃப்'.

தமிழ் உருபைப் பாத்து இல்லாத ப்ரெப்பசிஷன் போடுறது அடுத்த வில்லங்கம். 'பற்றி' இருக்கெண்டு 'டிஸ்கஸ் அபவுட்', 'க்கு' இருக்கெண்டு 'ரீச் டு கிளிநொச்சி', 'கோ டு ஹோம்', 'க்குள்ள' இருக்கெண்டு 'என்டர் இன்டு த ரூம்'. நாலிலயும் ப்ரெப்பசிஷனை வெட்டுங்கோ.

ப்ரெப்பசிஷனுக்குப் பின்னால நவுன் தொகுதி, இல்லாட்டி 'இங்' வடிவம். 'குட் அற் டிராயிங்', 'ஆஃப்டர் வோட்டரிங் த பிளாண்ட்ஸ்'. கடிதம் முடிக்கிற 'லுக்கிங் ஃபோவோர்ட் டு சீயிங் யூ' எண்டதில முக்காவாசிப் பேர் 'டு சீ' எண்டு எழுதிக் கெடுப்பினம். அங்க 'டு' ப்ரெப்பசிஷன். 'டு' க்குப் பின்னால 'இட்' வைச்சுப் பாருங்கோ: 'லுக்கிங் ஃபோவோர்ட் டு இட்' சரியா நிக்குது, அப்ப 'இங்' போடலாம். 'ஐ வோண்ட் டு இட்' நிக்காது, அங்க வெறும் வேர்ப்.

பனங்கூடல் (மல்லாவி)
எட்டு என்ற கணக்கை வேதவாக்காக எடுக்க வேண்டாம். கிரேக்க இலக்கணகாரர் டயோனிசியஸ் திராக்ஸ் பெயரில் வந்த பட்டியலிலும் எட்டுத்தான், ஆனால் அதில் ஆர்ட்டிகிள் (ஆங்கில 'எ', 'த' போன்றது) தனி வகை, அட்ஜெக்டிவ் நவுனுக்குள் அடக்கம். லத்தீனில் ஆர்ட்டிகிள் இல்லாததால் அதைத் தூக்கிவிட்டு இன்டர்ஜெக்ஷனைப் போட்டு எட்டை நிரப்பினார்கள். இப்போதைய இலக்கணங்கள் 'எ', 'த', 'திஸ்', 'மை', 'சம்', 'எவ்ரி' எல்லாவற்றையும் டிட்டேர்மினர் என்று தனியே வைக்கின்றன. மாணவருக்கு இதில் ஒரு நேரடி நன்மை உண்டு: இந்தக் கூட்டத்தில் ஒரு தொகுதிக்கு முன்னால் பொதுவாக ஒன்றுதான் நிற்கும். 'த மை ஹவுஸ்', 'எ திஸ் புக்' ஏன் பிழை என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

'எ' வா 'அன்' ஆ என்பதற்குத் தமிழ்ப் பிள்ளைக்குக் கூடுதல் வசதி. சொல்லைத் தமிழில் எழுதிப் பார்த்து உயிரெழுத்தில் தொடங்கினால் 'அன்', மெய்யோ உயிர்மெய்யோ என்றால் 'எ'. 'அன் அவர்' (ஒரு மணித்தியாலம்), 'அன் எம்.பி.', 'எ யுனிவர்சிட்டி', 'எ யூனிஃபோம்'. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'யுனிவர்சிட்டி' ஏமாற்றும், காதால் கேட்டால் ஏமாற்றாது.

சந்திக்கடை (மாங்குளம்)
ஒரு இடத்தில கவிழும். 'ஒன்-வே' எண்டு தமிழில எழுதுறம், உயிரெழுத்து, அதால 'அன்' எண்டு போடுவினம். உச்சரிப்பு 'வன்'. 'எ வன்-வே ரோட்'. எழுதிப் பாக்கைக்க வாயால சொல்லுறமாதிரி எழுதவேணும், பத்திரிகையில வாறமாதிரி இல்லை.

பனங்கூடல் (மல்லாவி)
ஏற்றுக்கொள்கிறேன். 'யுரோப்பியன்' என்பதை 'ஐரோப்பியன்' என்று எழுதினாலும் அதே கதி.

உப்புக்காத்து (பூநகரி)
தமிழ்ப் பாடத்தில பெயர், வினை, இடை, உரி எண்டு நாலு படிக்கினம்தானே. அதோட பொருத்திப் படிப்பிச்சால் லேசில்லையோ?

கல்லும்_முள்ளும் (முல்லைத்தீவு)
பெயரும் வினையும் பொருந்தும். உரிச்சொல்லை அட்ஜெக்டிவ் என்று கட்டிவிடாதீர்கள். நன்னூலில் படிக்கிற உரிச்சொல் சால, உறு, தவ, நனி, கூர், கழி. 'நல்ல', 'பெரிய' தமிழ்த் தாளில் பெயரெச்சம். இரண்டையும் கலந்தால் ஆங்கிலத்தில் கிடைக்கிற புள்ளி தமிழில் போகும். வகுப்பில் அட்ஜெக்டிவ், அட்வேர்ப் என்றே சொல்லுங்கள்.

மழைக்கால_வெள்ளம் (நெடுங்கேணி)
சொற்குடும்பம் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. கொப்பியைக் குறுக்கால பிடிச்சு நாலு நிரல்: வேர்ப், நவுன், அட்ஜெக்டிவ், அட்வேர்ப். ஒரு நாளைக்கு மூண்டு குடும்பம் காணும். டிசைட், டிசிஷன், டிசைசிவ், டிசைசிவ்லி. சக்சீட், சக்சஸ், சக்சஸ்ஃபுல், சக்சஸ்ஃபுல்லி. ஸ்ட்ரெங்தன், ஸ்ட்ரெங்த், ஸ்ட்ரோங், ஸ்ட்ரோங்லி. நாலு சொல்லுக்கும் நாலு வசனம் எழுதாட்டி நிரல் வெறும் அலங்காரம்.

வால் பாத்து வகை சொல்லலாம். 'ஷன்', 'நெஸ்', 'மென்ட்', 'இட்டி' கூடுதலா நவுன். 'ஃபுல்', 'லெஸ்', 'அபிள்' அட்ஜெக்டிவ். 'லி' மட்டும் நம்பேலாது. 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி', 'அக்லி' அட்ஜெக்டிவ். 'டெய்லி' இரண்டு பக்கமும் போகும். 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்', 'லேட்' வால் இல்லாமலே அட்வேர்ப். 'மை ஃபாதர் வேர்க்ஸ் ஹார்ட்லி' எண்டு எழுதின பிள்ளை, அப்பா கிட்டத்தட்ட வேலையே செய்யிறேல்லை எண்டு எழுதியிருக்கு.

கொஞ்ஜங்ஷனில ஒண்டே ஒண்டு. 'ஆல்தோ' போட்டால் 'பட்' வேண்டாம், 'பிக்கோஸ்' போட்டால் 'சோ' வேண்டாம். பின்னால முழு வசனம் வந்தால் 'ஆல்தோ', 'வைல்', 'பிக்கோஸ்'; நவுன் மட்டும் வந்தால் 'டெஸ்பைட்', 'ட்யூரிங்', 'பிக்கோஸ் ஒவ்'.

வாய்க்கால்கரை (கிளிநொச்சி)
பிள்ளையள் எழுதின அஞ்சு வசனம். அவையளே திருத்தினது எனக்குத் திருப்தியில்லை, பாருங்கோ.
1. மை ஃபாதர் ஃபார்மர்.
2. யெஸ்டர்டே வீ டிட் நொட் வென்ட் டு முறிகண்டி.
3. ஆல்தோ இட் ரெயின்ட், பட் வீ பிளேட் வொலிபோல்.
4. த கேட்டில் இஸ் ஸ்லீப்பிங் இன் த ஏ9 ரோட்.
5. த டாங்க் வோட்டர் இஸ் ஓப்பன் இன் ஏப்ரல் மந்த்.

முதிரைமரம் (ஒட்டுசுட்டான்)
1: 'இஸ்' மட்டும் போட்டு விட்டிருப்பினம். 'எ'யும் வேணும்: 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்'. எண்ணக்கூடிய ஒருமை நவுன் டிட்டேர்மினர் இல்லாம லேசில நிக்காது.
2: 'கோ'.
3: 'பட்'டை வெட்டுங்கோ, இல்லாட்டி 'ஆல்தோ'வை. இரண்டில ஒண்டு.
4: 'கேட்டில்' வடிவத்தில ஒருமை மாதிரி, ஆனா பன்மை வேர்ப் எடுக்கும்: 'ஆர் ஸ்லீப்பிங்'. 'ஒன் த ஏ9 ரோட்'. 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஹோம்வேர்க்', 'ஃபர்னிச்சர்' இதுக்கு எதிர்ப்பக்கம்: பன்மை 'ஸ்' ஏறாது, வேர்ப் ஒருமை.
5: இதுக்குக் கொஞ்சம் மினைக்கெடுங்கோ. 'ஏப்ரல் மந்த்' எண்டதில 'மந்த்' தேவையில்லை. நாங்கள் தண்ணி துறக்கிறது எண்டு சொல்லுவம், ஆங்கிலத்தில துறக்கிறது துருசை (குளத்து மதகை), தண்ணியை விடுறது. 'வோட்டர் இஸ் ரிலீஸ்ட் ஃப்ரொம் த டாங்க் இன் ஏப்ரல்.' துருசை எழுவாயா வைச்சால் இரண்டு விதமா எழுதலாம், இரண்டும் சரி. 'த ஸ்லூஸ் இஸ் ஓப்பன்' எண்டால் துறந்தபடி கிடக்கு, 'ஓப்பன்' அங்க அட்ஜெக்டிவ். 'த ஸ்லூஸ் இஸ் ஓப்பன்ட் இன் ஏப்ரல்' எண்டால் ஆரோ துறக்கினம், அங்க அது வேர்ப்பின்ர மூண்டாம் வடிவம். சிறுபோகத்துக்குத் தண்ணி விடுறதைச் சொல்லவேணுமெண்டால் இரண்டாவது.